ஆன்ட்வெர்ப்பில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

"ஆளே இல்லாத கூரைவீட்டுப் படங்களை வைத்து ஆராய்ச்சியில் என்னப்பா எழுதுவது?" என்று போன மாதம் கேட்டாய். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான் வருகிறது. மாமா அன்று பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய அந்தப் பதினாறாம் நூற்றாண்டுக் கிராமப் படங்களைத் தினமும் பார்க்கிறேன். இவை வருவதற்கு முன்பு அந்த நாட்டு நிலக்காட்சிப் படம் என்றால் மலை உச்சியிலிருந்து பார்ப்பதுபோலப் பாறையும் ஆறும், ஓரத்தில் ஒரு புனிதரும். ஆன்ட்வெர்ப்பில் படங்களை அச்சிட்டு விற்ற ஹிரோனிமஸ் காக், இவற்றுக்குச் சில வருடம் முன்னால் ஓவியர் புரூகலை வரையவைத்துப் போட்ட பெரிய நிலக்காட்சிகளிலும் மலைகள்தானே! அதே காக் 1559-இலும் 1561-இலும் ஆன்ட்வெர்ப் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களை 44 படங்களாக அச்சிட்டிருக்கிறார். நேரில் பார்த்து வரைந்தவை என்று முகப்புத் தாளிலேயே போட்டிருக்கிறார். மலையும் இல்லை, கதையும் இல்லை. தெருவில் நடந்து போகிறவன் கண்ணுக்குத் தெரிகிற வேலி, வைக்கோல் கூரை, வளைந்து போகும் பாதை, அவ்வளவுதான். இதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

கூரை விளிம்பைப் பெரிதாக்கிப் பார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு வந்த கோடுகள் அவை. தகட்டில் கீறிய டூட்டகம் சகோதரர்கள் ஒரு கூரையைக்கூட அவசரமாக முடிக்கவில்லை. நீயும் அவசரப்படாதே.

1585-இல் நகரம் ஸ்பானியர் கையில் விழுந்தது. சுற்றியிருந்த கிராமங்கள் போரில் சீரழிந்தன. ஏராளமானோர் வடக்கே போனார்கள். 1612-இல் ஆம்ஸ்டர்டாமில் விஸ்ஸர் என்ற பதிப்பாளர் இவற்றில் 26-ஐப் பார்த்துச் செதுக்கி, புரூகல் பெயரைப் போட்டு வெளியிட்டார். உண்மையில் வரைந்தவர் யாரென்று இன்றுவரை உறுதியில்லை. ஊரைவிட்டு வந்தவர்கள் அந்தத் தாள்களை எப்படிப் பார்த்திருப்பார்கள்? அதை நீதான் எழுத முடியும் என்று நினைக்கிறேன். தெருவில் எல்லோரிடமும் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கைடு என்ன சொன்னார் என்று நீ சொல்லவே இல்லை. மூன்றாம் அத்தியாயம் எந்த அளவில் இருக்கிறதோ, அப்படியே அனுப்பு. பாதி இருந்தாலும் சரி. பணம் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேள். ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மா எடுத்தால் அப்பாவிடம் கொடுக்கச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா