ஏற்றத்துக்கு ஆறு யூனிட்

கோத்தகிரி
ஐப்பசி மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இங்கே இவரிடமும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பேத்திக்குக் காது குத்திய படத்தை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். இங்கே இரண்டு நாளாக விடாத மழை. குஞ்சப்பனைப் பக்கம் ஒரு மரம் சாய்ந்து போக்குவரத்து அரை நாள் நின்றது. மற்றபடி எல்லோரும் நலம்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். திருநெல்வேலியிலிருந்து மின்சாரக் காரில் கோத்தகிரி வர முடியுமா என்பது ஒன்று. உன் மகன் வீட்டில் நாள் முழுக்க ஓடும் அந்தப் பாட்டில்லாத பாட்டு என்னவென்பது இன்னொன்று. தனித்தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. வரிசை மாறினால் பொறுத்துக்கொள்.

கார் ஏறும். "நடுமலையில் சார்ஜ் தீர்ந்தால் தள்ளவா முடியும்?" என்று அண்ணன் கேட்பது நியாயமான பயம்தான். அதற்குக் கணக்கு இருக்கிறது. முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்குப் போட்ட நிலையாற்றல் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கே வர 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறோம். நான்கு பேர், பெட்டிகள் எல்லாம் சேர்த்துக் கார் 1,600 கிலோ என்று வை. எடையை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்கு. ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல், ஆகவே 36 லட்சத்தால் வகுத்துப் பார். ஆறு யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். மலை கேட்பது அவ்வளவுதான். டயர் உராய்வு, காற்று, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தாலும் பத்து, பதினொரு யூனிட்டில் வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். 30 யூனிட் பேட்டரி உள்ள காருக்கு இது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே மேட்டுப்பாளையத்துக்கு வருவதற்கு முன்பே எங்காவது சாப்பிடும் நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் போதும், பயமில்லாமல் ஏறலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இறக்கம். நம் சின்ன வயதில் மலையிறங்கும் லாரிகளை நினைத்துப் பார். பாதி வழியில் பிரேக் கருகும் வாடை மூக்கைத் துளைக்கும். ஓரமாக நிறுத்திச் சக்கரங்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்வதும் அதனால்தான். மின்சாரக் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வேகம் மின்சாரமாகப் பேட்டரிக்குள் போகிறது. ஏறச் செலவான ஆறு யூனிட்டில் மூன்று யூனிட்டாவது திரும்பி வரும் என்பது என் கணக்கு. பெட்ரோல் கார் ஒரு சொட்டையும் டாங்கிக்குத் திருப்பித் தந்ததில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதே. இங்கிருந்து கிளம்பும்போது பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொள்ளாதே. நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. அப்போது வண்டியைப் பிடிக்கும் வேலை மறுபடியும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். 80, 85 விழுக்காட்டோடு இறங்கு. மார்கழி, தை மாதக் காலைகளில் பேட்டரி குளிர்ந்து கிடக்கும். அந்த நேரத்திலும் இந்தப் பிடிப்பு குறைவாகவே இருக்கும். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் உறைபனி விழும் நாட்களில் இங்கேயும் நடுக்கம்தான். வெயில் ஏறிய பிறகு கிளம்புவது நல்லது.

'இந்த மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது' என்றும் எழுதியிருந்தாய். உண்மைதான். அதை மறைத்துப் பேசுகிறவர்களை எனக்கும் பிடிப்பதில்லை. இந்த மலையின் தண்ணீர் 1932 முதல் பைக்காராவில் மின்சாரமாகிறது. பிறகு கனடா நாட்டு உதவியோடு குந்தா திட்டம் வந்தது. அப்பா குந்தா கேம்ப்பில் வேலை பார்த்ததால் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். உங்கள் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆனாலும் நெய்வேலியும் தூத்துக்குடியும் எரியாமல் தமிழ்நாட்டில் விளக்கு எரியாது. அந்த ஊர்களில் வாழ்கிறவர்கள் மூச்சில் நம் புகையின் ஒரு பங்கு போய்ச் சேர்கிறது. இருந்தாலும் பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது, மற்றது வெப்பமாகப் போகிறது. மின்மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. எல்லாம் கூட்டிக் கழித்தால் மின்சார வண்டிதான் மேல் என்பது என் முடிவு.

ஆனால் நான் உன்னை வாங்கச் சொல்வதற்குச் சிக்கனமோ புகையோ முதல் காரணம் இல்லை. மலையில் வாழ்கிறவர்களுக்குக் காது முக்கியம், கோமதி. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது, தோட்டத்துக்குள் என்ன நிற்கிறது, மண் சரிகிறதா, எல்லாவற்றையும் இங்கே முதலில் காதால்தான் அறிகிறோம். சீசனில் ஏறி இறங்கும் வண்டிகளின் உறுமலில் அது எதுவும் கேட்காது.

எங்கள் தெருவுக்குப் பால் போடும் பையன் மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறான். முன்பு அவன் வண்டி இரண்டு வளைவுக்கு அப்பாலிருந்தே தெரியும். இப்போது கேட்பதெல்லாம் கேன் மூடி ஆடும் சத்தம்தான். ஒரு நாள் விடியற்காலையில் வாசலில் வந்து நின்றவனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடிகளின் ஓரத்தில் காட்டெருமை நின்றிருக்கிறது. அடர்ந்த மூடுபனி, அந்தப் பெரிய கறுத்த உடம்பையோ, முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளையையோ அவன் பார்க்கவில்லை. அதற்கும் இவன் வருவது கேட்கவில்லை. பத்தடி தூரத்தில்தான் இருவரும் ஒருவரையொருவர் கண்டிருக்கிறார்கள். அது மூக்கைச் சீறித் தலையைத் தாழ்த்த, இவன் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நின்றிருக்கிறான். வெகுநேரம் கழித்து அது சரிவில் இறங்கிப் போய்விட்டது. பழைய வண்டியாக இருந்தால் சத்தம் கேட்டு முன்பே விலகியிருக்கும் என்றான். மறுநாள் கைப்பிடியில் ஒரு சைக்கிள் மணியைக் கட்டிக்கொண்டு வந்தான். இப்போது வளைவுக்கு வளைவு ஒரு முறை அடிக்கிறான்.

அவன் செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புதிய வகை மின்சாரக் கார்கள் 20 கிலோமீட்டர் வேகம்வரை ஒரு செயற்கை ஒலியை எழுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். கண் தெரியாதவர்கள், குழந்தைகள், வயதானவர்கள் வண்டி வருவதை அறிய வேண்டுமே. நம் சந்தைத் தெருவிலும் இது தேவை. தலையில் கீரைக் கூடையோடு நடக்கும் பெண்கள் பின்னால் திரும்பிப் பார்க்க முடியுமா? ஆனால் அந்த ஒலி மணி போல அளவாக இருக்க வேண்டும். வளைவில் அடிக்கும் ஹாரன்கூட ஒரு மரியாதைதான்: 'நான் வருகிறேன், பார்த்துக்கொள்' என்று ஒரே ஒரு முறை. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் பழைய பஸ் ஓட்டுநர்கள் அப்படித்தான் அடிப்பார்கள். அடித்த கையை எடுக்காமல் வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

காருக்கான இந்த ஒலிகளை அமைக்க இசையமைப்பாளர்களையே அமர்த்துகிறார்கள். பி.எம்.டபிள்யூ. கார்களுக்கு ஹான்ஸ் சிம்மர் செய்து கொடுத்திருக்கிறார். கேட்டால் உன் மகன் வீட்டு இசையின் தங்கை என்பாய். அதற்கு ஆம்பியன்ட் இசை என்று பெயர். பாட்டு, தாளம், சரணம் எதையும் அதில் தேடாதே. அது தொடங்கியதும் தெரியாது, முடிந்ததும் தெரியாது. நாம் வேலை செய்துகொண்டே இருக்கலாம், விருப்பப்பட்டால் கவனிக்கலாம்.

அது பிறந்த கதை எனக்கு நெருக்கமானது. 1975 ஜனவரியில் லண்டனில் பிரையன் ஈனோ என்ற இசைக்காரர் ஒரு டாக்சியில் அடிபட்டு, எழுந்து நடக்க முடியாமல் வீட்டில் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி யாழ் போன்ற ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது மிகக் குறைந்த சத்தத்தில் ஓடியது. எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்ட ஈனோவுக்கு வலுவில்லை. வெளியே மழை. மழைக்கு நடுவே சில சுரங்கள் மட்டும் வந்து வந்து போயின. இசையை இப்படியும் கேட்கலாமே, மழையும் அதில் ஒரு பங்காக இருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியதாம். பிறகு விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்.

போன வருடம் என் வீட்டுக்காரருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது நான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தேன் அல்லவா? வார்டு வாசலில் ஒரு தொலைக்காட்சி. இரவு பதினொரு மணிவரை சண்டையும் விளம்பரமும். குறைக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்குக் குறைப்பார்கள். தையல் போட்ட வயிற்றோடு இவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்திருப்பார். என் மகன்தான் ஹெட்போனை மாட்டி இந்த இசையை வைத்தான். கால் மணி நேரத்தில் புருவத்துக்கு நடுவில் இருந்த சுருக்கம் விரிந்தது, தாடை தளர்ந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து இந்த இசையை யாரும் குறைத்துப் பேச நான் விடுவதில்லை.

அதற்காக எல்லா இசையும் இப்படிப் பின்னால் நின்றால் போதும் என்று சொல்லமாட்டேன். பிரான்சில் எரிக் சாட்டி என்பவர் நாற்காலி, மேசை போல அறையில் கிடக்கும் இசை வேண்டுமென்று 1917இல் எழுதினார். 1920இல் ஒரு இடைவேளையில் அதை வாசிக்கச் செய்து, 'கேட்காதீர்கள், பேசுங்கள்' என்று மக்களிடம் மன்றாடினாராம். அவர்களோ பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டார்கள்! நம் ஊர்க் கல்யாணத்தில் நேர்மாறு. நாகஸ்வரக்காரர் தோடியை மூச்சைப் பிடித்து வளர்த்துக்கொண்டிருப்பார். நாம் நகையையும் சாப்பாட்டையும் பற்றிக் கத்திக்கொண்டிருப்போம். கவனித்துக் கேட்க வேண்டிய கலையை நாற்காலியாக்கிவிட்டோம், அது பெரிய தவறு. இங்கே கோத்தர் பழங்குடியினரின் கம்பட்டராயர் திருவிழாவில் அப்படி நடக்காது. கொள் என்னும் ஊதுகுழலும் பறைகளும் தொடங்கியதும் மொத்த ஊரும் வட்டமாக ஆடும். ஓரமாக நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருக்க யாருக்கும் தோன்றாது.

குன்னூர் வழியாக ஏறும் மலை ரயிலின் சத்தத்தையும் நான் சத்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். 1899இலிருந்து அந்த நீராவி மூச்சு இந்த மலையில் கேட்கிறது. அதை மின்சாரமாக்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால் முதல் ஆளாக எதிர்த்து மனுப்போடுவேன்.

எனக்குள்ள வருத்தம் வேறு. கோடநாடு காட்சிமுனைக்குப் போயிருந்தோம். ஒரு மின்சாரக் கார் ஓசையில்லாமல் வந்து நின்றது. மனம் குளிர்ந்தது. கதவைத் திறந்தார்கள், உள்ளிருந்து ஒலிபெருக்கிப் பெட்டியை எடுத்துச் சுவரில் வைத்தார்கள். அடுத்த அரை மணி நேரம் பள்ளத்தாக்கு முழுக்க அவர்கள் பாட்டு. நீலகிரிச் சிரிப்பான் பறவை ஒன்று புதருக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தது, அது அடங்கிப் போய்விட்டது. மோட்டார் அமைதியாக இருந்து என்ன பயன்? அடுத்தவர் காதுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது என்பதை வண்டியோடு சேர்த்து விற்க முடியாது. அதை வீட்டில்தான் சொல்லித்தர வேண்டும். நான் எழுந்து போய்ச் சொன்னேன். அவர்களில் இருந்த ஒரு பெண், "சாரிம்மா" என்று உடனே அணைத்தாள். நல்ல பிள்ளைகள்தான். யாரும் இதுவரை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உன் மகனிடமும் இதையே சொல். அந்த இசை சத்தமாக வைத்தால் கெட்டுவிடும். குக்கர் விசில், தெருவில் போகும் பூக்காரியின் குரல் இவற்றுக்குக் கீழே அது ஓட வேண்டும். அப்படி ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு உன் கருத்தை எனக்கு எழுது. பிடிக்கவில்லை என்றாலும் ஒளிக்காமல் எழுது.

மார்கழியில் வந்தால் பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் போகலாம். படுகர்கள் வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து வருவதை நீ பார்த்ததில்லை. அரையாண்டு விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் இருக்கும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவு. அதற்குக் காரின் பதிவு எண் வேண்டும், ஆகவே கார் வந்ததும் எண்ணை எனக்கு அனுப்பு, பதிவு செய்வதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குள் கார் வராவிட்டால் மேட்டுப்பாளையம்வரை ரயிலில் வந்து அரசு பஸ் ஏறு. பஸ்ஸுக்குப் பாஸ் தேவையில்லை. உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ கொண்டு வா. உனக்கு வர்க்கியும் நல்ல தேயிலைத் தூளும் வாங்கி வைக்கிறேன்.

அண்ணனுக்கு வணக்கம். பேத்திக்கு என் முத்தம்.

உன் அன்புத் தோழி,
சரோஜா