மறுவாழ்வுக் கருவிகளுக்கு நம் ஊரிலும் ஆய்வு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பக்கவாதத்தால் வலக்கையும் காலும் செயலிழந்த என் தந்தையாரைப் பல மாதங்கள் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு இயன்முறை சிகிச்சைக்காகப் பேருந்தில் அழைத்துச் சென்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அப்போது கண்ட விளம்பரம் ஒன்று, இயந்திரப் பயிற்சி முடங்கிய கையை மீட்டுவிடும் என்று உறுதி கூறியது, நாங்களும் நம்பினோம். ஆனால், பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ராட்டுல்ஸ் ஆய்வில், ரோபோ உதவியுடன் பயிற்சி பெற்றவர்களின் கைச்செயல்பாடு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான அட்டெண்ட் ஆய்வும், குடும்பத்தினர் வீட்டில் அளிக்கும் பயிற்சியால் கூடுதல் பலன் இல்லை என்றே காட்டியது. அந்தப் பயிற்சியை நாள்தோறும் அளித்த எனக்கு, அதைப் படித்தபோது மனம் கனத்தது.

சென்னை ஐஐடி 2019இல் அறிமுகப்படுத்திய, அமர்ந்திருப்பவர் எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலி போன்ற உள்நாட்டுக் கருவிகள், நம் வீடுகளின் குறுகிய வாசற்படியிலும் ஐப்பசி மழையில் சேறாகும் தெருக்களிலும் எவ்வளவு பயன்படுகின்றன என்பதையும் முறையாக அளந்து பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தனது 28ஆம் பிரிவில் மறுவாழ்வு ஆராய்ச்சியை அரசின் பொறுப்பாக்கியுள்ளது. எனவே, ஜிப்மரும் கடலூர் அரசு மருத்துவமனையும் இணைந்து, பங்கேற்கும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவை வழங்கி, இத்தகைய ஆய்வுகளை நடத்துவதற்கு அரசுகள் நிதி ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.