தை வரைக்கும் விடமாட்டேன்

ஹட்டன்
ஐப்பசி 12

அன்பின் மச்சான்,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் காரணம் எங்கள் வலைப்பந்துப் பிள்ளைதான். மாசியில் முழங்கால் போனதே, அவள்.

சித்திரையில் சத்திரசிகிச்சை முடிந்தது. இப்போது ஆறு மாதம். வலி இல்லை, வீக்கம் இல்லை. தோட்டத்து லய வீட்டுப் படிகளில் ஓடியே இறங்குகிறாள். அடுத்த மாதம் போட்டி என்பதால் "சேர், நான் ஆடுறேன்" என்று தினமும் வந்து நிற்கிறாள். நான் விடவில்லை. வீட்டாருக்கும் என்மேல் மனவருத்தம்தான்.

தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்து, முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும், கிழிந்துபோன ஏ.சி.எல். சவ்வு இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். அது சவ்வாக மாறி உரமேற மாதக்கணக்காகும். வலி அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, ஆடாமல் ஒவ்வொரு மாதம் பொறுத்திருக்கும்போதும் திரும்பக் காயப்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. போன கிழமை ஒற்றைக் காலில் பாயச் சொல்லி டேப் பிடித்தேன். நல்ல காலில் 130 சென்ரிமீற்றர், மற்றதில் 101. நூற்றுக்கு 78 கூட வரவில்லை. குறைந்தது தொண்ணூறு வேண்டும்.

காலுக்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ள அவள் கண்டிக்குப் போகவேண்டும். போகிற நாளில் அம்மாவுக்குத் தோட்டத்தில் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும். அதனால் மாதம் ஒருமுறைதான் போகிறார்கள். மிச்ச நாளெல்லாம் பாடசாலை விட்டதும் நான் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு படியில் நின்று மெதுவாக மற்றக் காலை இறக்குவது, சுவரில் சாய்ந்து பாதி உட்கார்வது. மலைச்சரிவில் இறங்குவதுதான் தொடைக்குப் பெரிய வேலை, அதைக் கடைசியாகத்தான் தொடங்கினோம்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். அன்று அவளை யாரும் மோதவில்லை. பந்தைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கினாள். வலைப்பந்தில் பந்தோடு ஓடமுடியாதே, சடாரென்று நிற்கவேண்டும். முழங்கால் உள்ளே மடிந்தது. "டக்கென்று கேட்டது சேர்" என்றாள். இரண்டு மணித்தியாலத்தில் வீங்கிவிட்டது. நான் சுளுக்கென்று நினைத்து ஐஸ் வைத்து அனுப்பினேன். பத்து நாளில் திரும்ப ஆடவும் விட்டேன், மச்சான். அன்றைக்குத்தான் கால் நழுவிச் சுருண்டு விழுந்தாள். அந்தச் சத்தத்தையும் வீக்கத்தையும் அப்போதே புரிந்துகொண்டிருக்கவேண்டும்.

இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம், முழங்காலை மடித்து மெத்தென்று இறங்கப் பழக்குகிறேன். உன் மகளும் வலைப்பந்து ஆடுகிறாளே, மார்கழி லீவுக்கு வரும்போது கூட்டிவா. அவள் குதித்து இறங்குவதை நான் ஒருமுறை பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி