லேக்காஃப்: அரசியலுக்கு அப்பால்

மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப் பற்றிய தங்கள் கட்டுரை, அவரை அமெரிக்க ஜனநாயகக் கட்சியினருக்குப் பிரச்சார உத்தி சொன்னவராகவே காட்டியது. சரி, 2004க்குப் பிறகு அவருக்குக் கிடைத்த புகழ் அப்படி. ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (பெர்க்லி) நெடுங்காலம் பேராசிரியராக இருந்த அவரது பெரும்பங்களிப்பு, தத்துவ அறிஞர் மார்க் ஜான்சனுடன் 1980இல் எழுதிய ‘Metaphors We Live By’ என்ற நூல்தான். உருவகம் கவிதைக்கான அணி மட்டுமல்ல, நாம் அன்றாடம் சிந்திப்பதே அதன் வழியாகத்தான் என்று அதில் வாதிட்டார்கள்.

இதை வகுப்பறையில் நேரிலேயே பார்க்கிறேன். மின்னோட்டத்தைத் தண்ணீராக நினைக்கும் மாணவர்கள், தொடர் இணைப்பில் (ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால்) முதல் பல்பு பாதியைக் குடித்துவிடும், அடுத்தது மங்கலாகத்தான் எரியும் என்று அடித்துச் சொல்கிறார்கள். ஒரே மாதிரி பல்புகள் இரண்டும் ஒரே அளவில் எரிவதைக் காட்டினாலும் சிலர் எளிதில் நம்புவதில்லை. அந்த நூலை, ஜான்சனின் பங்கையும் சேர்த்து, தனிக் கட்டுரையில் அறிமுகப்படுத்த வேண்டுகிறேன்.

– இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்