பைபாஸில் இறங்காதே

அன்புள்ள பங்காளி,

கடிதம் கிடைத்தது. மச்சானைப் பற்றிக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறார். கோயம்புத்தூரில் பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. காலையில் கட்டுத்தரை வரைக்கும் மெல்ல நடக்கிறார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஒரு கூத்து. "அவருக்குப் பைபாஸ் பெரியம்மா" என்று அக்கா போனில் சொல்ல, "அய்யோ, பவானி பைபாஸா, பெருந்துறையா? எந்த வண்டிடி மோதுச்சு?" என்று பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சேலம்-கோவை ரோட்டோரம் குடியிருக்கிற நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் அடிவயிறுதான் கலங்கும்.

டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தில் அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயைத் தொடுவதே இல்லை. காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, ஒரு முனையை இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியிலும் மறுமுனையை அடைப்பைத் தாண்டியும் தைத்துவிடுகிறார்கள். "நம்ம சொட்டுநீர் பைபாஸ் வால்வு மாதிரிங்களா?" என்றார் மச்சான், படுத்த படுக்கையிலும் தோட்ட நினைப்புதான். அது வேறு கதை. அந்த வால்வைத் திறந்தால் மிஞ்சின தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே போய்விடும். இங்கே அப்படிப் போனால் ஆள் என்ன ஆவது!

மில்லில் மேஸ்திரியிடம் சொல்லாமல் நேரே மேனேஜரைப் பார்த்தால், "என்னைய பைபாஸ் பண்ணிட்டயா?" என்று முறைப்பார். அதையாவது ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டலாம். எனக்கு ஆகாதது இந்த பைபாஸ் ரைடர் பஸ்தான். ஊர் பேரைக் கேட்டுத் தலையாட்டி ஏற்றிக்கொள்கிறார்கள், இறக்கிவிடுவது பைபாஸில். நடுராத்திரி, கடை ஒன்றுமில்லை, கையில் மூட்டை, பின்னால் நாய். ஆட்டோக்காரர் சொல்லும் ரேட்டில் இன்னொரு தடவை கோவைக்கே போய்வரலாம்.

நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை போகும் எல் அண்ட் டி பைபாஸை நினைவிருக்கிறதா? சுமார் 28 கிலோமீட்டர். பாலக்காடு போகிற லாரி கோவைக்குள் நுழையாமல் தப்பிக்கப் போட்ட ரோடு. இப்போது அதன் இரண்டு பக்கமும் வீடும் கடையும் வந்து, அதுவே ஊர் மாதிரி ஆகிவிட்டது.

சரி, நீ மச்சானைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாயே, சென்னையிலிருந்து கோவை வண்டி ஏறாதே. ஈரோடு வண்டியாகப் பார்த்து டிக்கெட் போடு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் நேராக வீட்டு வாசல். அக்கா உனக்காக நாட்டுக்கோழி பார்த்து வைத்திருக்கிறாள். மச்சானுக்கு இப்போதைக்குக் கிடையாது, அவர் முன்னால் பேச்செடுக்காதே.

அன்புடன்,
உன் பங்காளி