பச்சைப் பாலைப் போத்தலில் அடைக்க வேண்டாம், மகன்

அன்பு மகன்,

நீ போனில் சொன்ன திட்டத்தைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசனை. கட்டாரை விட்டுவிட்டு வந்து தம்பலகாமத்தில் மாடு வளர்க்கப் போகிறாய் என்பதில் எனக்குச் சரியான சந்தோஷம். ஆனால் கறந்த பாலைக் காய்ச்சாமல் ‘இயற்கைப் பால்’ என்று நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்குக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கோபப்படாமல் வாசி.

நோயில்லாத மாட்டின் மடிக்குள் இருக்கும்வரை பாலில் கிருமி மிகக் குறைவு. அழுக்கு சேருவதெல்லாம் வெளியே வந்த பிறகுதான். எங்கட கொட்டிலையே எடு. விடியக் கன்றை அவிழ்த்து, அது முட்டிக் குடித்த பிறகுதான் தாய் பாலை இறக்கும். அந்த எச்சில் காம்பில் இருக்கும். இரவெல்லாம் சாணியில் கிடந்த மடி வேறு. மாடு வாலை ஒருதரம் வீசினால் காய்ந்த சாணி வாளிக்குள் விழும். துணியில் வடித்தால் தூசிதான் நிற்கும், கிருமி பாலோடு போய்விடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கிணறு அடிக்குப் போக, அந்தக் கலங்கல் தண்ணியில்தான் பால் கான் கழுவுகிறோம்.

பளிச்சென்று தெரிகிற பிளாஸ்டிக் கானின் கழுத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார். வழவழவென்று இருக்கும். பழைய பால் படிந்த அந்தப் படலத்துக்குள் கிருமி குடியிருக்கும். உள்ளே கீறல் விழுந்த கானை என்ன சவர்க்காரம் போட்டாலும் முழுதாகச் சுத்தமாக்க ஏலாது.

கறந்த பாலுக்குக் கொஞ்ச நேரம் தன்னைக் காக்கிற சக்தி உண்டு. அது தீர்ந்தால், எங்கட வெக்கையில் கிருமி அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் இரட்டிக்கிறது என்று வை, நாலு மணித்தியாலத்தில் ஒன்று 256 ஆகும். பாலில் தண்ணி கலந்ததா என்று பார்க்கிற லக்டோமீற்றர் அடர்த்தியைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள்தானே என்பாய். 4 பாகை செல்சியஸில் பெரும்பாலான கிருமிகள் அடங்கும், ஆனால் லிஸ்தீரியா என்கிற கிருமி அங்கேயும் மெல்ல வளரும். கர்ப்பிணிக்கு அது வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து. சாணியிலிருந்து வருகிற ஈ.கோலை வகை ஒன்று சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பாதிக்கும். புரூசெல்லா கிருமி இருக்கிற மாடு பார்வைக்குச் சுகமாக நிற்கும், நாள் கூடிய சினையில் கன்று கலைந்து விழும்போதுதான் சந்தேகமே வரும். அந்தப் பாலைப் பச்சையாகக் குடித்தவர்களுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வரும், மூட்டெல்லாம் உளையும். கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியை ஒருநாளும் வெறுங்கையால் தொடாதே.

காய்ச்சினால் எல்லாம் சரி என்றும் நினைக்காதே. மடி அழற்சி உள்ள மாட்டின் பாலில் ஸ்ரபிலோகொக்கஸ் கிருமி இருக்கும். பால் வெயிலில் கிடந்தால் அது ஒரு நஞ்சை விடும். பிறகு காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு போகாது. அதனால் ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பார். திரி திரியாக இருந்தால் அந்தப் பாலை வேறாக ஒதுக்கி, மிருக வைத்தியரைக் கூப்பிடு. ஊசி போட்ட மாட்டின் பாலை அவர் சொல்கிற நாள்வரை விற்காதே.

கறக்கிற மெஷினுக்கு வைத்திருக்கிற காசை முதலில் நல்ல தண்ணிக்கும், சீமெந்துத் தரைக்கும், சில்வர் கானுக்கும் போடு. மெஷினையும் நல்ல தண்ணியில் கழுவாவிட்டால் அதன் குழாயெல்லாம் அந்த வழவழப்புத்தான். கறந்து முடிந்ததும் மாட்டுக்குப் புல் போட்டு அரை மணித்தியாலம் நிற்க வை. காம்பின் துளை மூடுவதற்குள் சாணியில் படுத்தால் மடிக்குள் கிருமி ஏறும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஹோட்டலுக்குப் பால்தான் கொடுக்க வேண்டும் என்றால் 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிராக்கிப் போத்தலில் அடை. என்னைக் கேட்டால் தயிர்ச்சட்டி கொடுப்பது நல்லது. பாலைக் காய்ச்சித்தானே உறைய வைக்கிறோம், அதற்கு நானும் கூட நிற்பேன்.

வரும்போது பாலுக்குள் விட்டுப் பார்க்கிற வெப்பமானி இரண்டு வாங்கி வா. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா