கதவு மூடுகிற நேரம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அதற்காக உடனே மாடிப்படி ஏற ஆரம்பித்துவிடாதே. இங்கே எல்லோரும் நலம். அவருக்கும் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது வீட்டில் எந்த மூலையில் தூசி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார்!

சரி, உன் கவலைக்கு வருகிறேன். மகள் தினமும் பஸ், ரயில் மாறி வேலைக்குப் போகப்போகிறாள், போன் பறிபோகாமல் இருக்க என்ன சொல்லி அனுப்புவது என்று கேட்டிருந்தாய். 'ஜாக்கிரதையாகப் போ' என்று பொதுவாகச் சொல்வதில் பிரயோஜனமில்லை. வழி முழுக்க விழிப்பாக இருக்க யாரால் முடியும்? ஏறும்போதும் இறங்கும்போதும் விழிப்பாக இருக்கச் சொல். படியில் முன்னால் ஒருவன் ஏறாமல் வழியை மறிப்பான், பின்னாலிருந்து இன்னொருவன் இடிப்பான். அந்தத் தள்ளுமுள்ளில் பை திறந்ததே தெரியாது. ஏறுவதற்கு முன்பே போனை ஜிப் வைத்த உள்ளறையில் போட்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளட்டும். 'திருடர்கள் ஜாக்கிரதை' பலகையைப் பார்த்ததும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். போன் எங்கே இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கதவோர இருக்கையும் வேண்டாம். என் எதிரிலேயே நடந்தது. ஒரு பெண் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள், போன் விரல் நுனியில்தான் நின்றது. ஸ்டேஷனில் கூட்டம் இறங்கி முடிந்தது, கதவு மூடும் ஒலி கேட்டது. கம்பியைப் பிடித்து நின்றிருந்த பையன் போனை உருவிக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டான். அவள் எழுந்திருப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. அவன் ஓடக்கூட இல்லை, சாவகாசமாக நடந்து போனான்.

அவன் கைக்குப் போனது திறந்த போன். அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. போன் போனால் பணத்தோடு போயிற்று. திறந்திருந்தால் வங்கி, மெயில், போட்டோ எல்லாம் கூடவே போகும். இதற்கென்றே ஆண்ட்ராய்டில் 2024-இல் ஒரு வசதி வந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடுகிற அசைவை உணர்ந்து திரை தானே பூட்டிக்கொள்ளும். ஐபோனிலும் அதே வருடம் வந்த 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' இருக்கிறது. பழக்கமில்லாத இடத்தில் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தால் முகமோ கைரேகையோ கேட்கும், ஒரு மணி நேரம் காக்கவைத்து மறுபடியும் கேட்கும். கூட்டத்தில் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பாஸ்கோடைத் தெரிந்துகொண்டவனுக்கும் அது போதாமல் போய்விடும். இவற்றை ஆன் செய்திருக்கிறாளா என்று பார்க்கச் சொல்.

அப்புறம் சிம் பின். இதை யாருமே சீண்டுவதில்லை. போன் பூட்டியிருந்தால் என்ன, சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் திருடனுக்குத்தானே வரும்? சிம்முக்குத் தனியாகப் பின் வைத்தால் அது நடக்காது. மூன்று தடவை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், சிம் கம்பெனி தரும் 8 இலக்க பக் (PUK) எண் இல்லாமல் திறக்காது. ஆனால் சிம்மில் முதலிலேயே இருக்கிற பின்னை சிம் கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்கக் கூடாது, நம் சிம்மை நாமே பூட்டிவிடுவோம். பூட்டிய திரையில் மெசேஜ் தெரிவதையும் நிறுத்திவிடட்டும்.

*#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண், வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். வீட்டில் ஒரு தாளில் எழுதி வை, போலீஸ் புகாரில் கேட்பார்கள். அப்படியே தொலைந்துவிட்டால், முதலில் உன் போனிலிருந்து அவளுடைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து, தொலைந்த போனைப் பூட்ட வேண்டும். பிறகு சிம்மை முடக்கி, வங்கிக்குச் சொல்ல வேண்டும். சில நாள் கழித்து 'உங்கள் போன் கிடைத்துவிட்டது' என்று லிங்க்கோடு மெசேஜ் வரலாம். ஆசைப்பட்டுத் தொட்டுவிடாதீர்கள், பாஸ்வேர்டைக் கறக்கத்தான் அது. கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்கவும் வேண்டாம், நீக்கினால் அவன் அதைத் தன் போனாக்கிக்கொள்ள வழி கிடைத்துவிடும்.

அவளுடையது எந்த மாடல் என்று எழுது. செட்டிங்ஸில் எதை எங்கே தேட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
சாந்தி